ஒரு போன் செய்திருக்கலாம்

ஜனவரி புத்தகக் காட்சியில், நந்தனம் மைதானத்துப் புழுதியில் கடை கடையாகத் தேடி வாங்கிய நாவல். ரொம்பப் பிடித்த எழுத்தாளர் என்பதால் பின்னட்டையைக்கூடப் படிக்கவில்லை. நேற்று ராத்திரி முடித்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நாயகன் வழக்கம்போலத் தொழிலதிபர். என்ன தொழில் என்று 320 பக்கத்திலும் சொல்லவில்லை. கோபம் வந்தால் நாயகியின் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறான். அவளுக்கு வலிக்கிறது, அப்புறம் அதுதான் காதல் என்று புரிந்துவிடுகிறதாம். எனக்குப் புரியவில்லை. 60-ஆம் பக்கத்தில் அவளை யாருடனோ பார்த்துத் தப்பாக நினைத்துக்கொள்கிறான். அது அவளுடைய சித்தி மகன். இது அவனுக்குத் தெரியவருவது 290-ஆம் பக்கத்தில். கையில் செல்போன் இருக்கிறதே, ஐயா!

முன்பு ஒரு கதையில், பஸ் ஸ்டாப்பில் ஒரு குடைக்கடியில் இரண்டு பேரைப் பேசாமல் நிற்கவைத்தே என்னை அழவைத்த கை இது. இந்த நாவலில் மழை வந்தால் நாயகி மயங்கி விழுகிறாள். மூன்று முறை. நடுவில் மாமியார் விசாலாட்சி ஒரே ஒரு அத்தியாயத்துக்கு மீனாட்சி ஆகிறார். மெய்ப்பு பார்த்தவரும் அதற்குள் தூங்கிவிட்டார் போல.

அடுத்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். சரி, லெண்டிங் லைப்ரரியில் கிடைத்தால் பார்க்கலாம்.