அந்த 400 நாற்காலி எங்கே?

வேட்பாளர்களின் செலவுக் கணக்கை இணையத்தில் போட்டுவிட்டாலே போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. மனு தாக்கல் செய்ததிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரையான செலவை, முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம், அதாவது கலெக்டரிடம், கொடுக்க வேண்டும், சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம். சரி, கட்சி செய்யும் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு? வரம்பே கிடையாது. அது ஒரு ஓட்டை. வேட்பாளர் கொடுக்கும் கணக்கே பொய்யாக இருப்பது இன்னொன்று.

பாளையங்கோட்டையில் என் மச்சான் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறார். போன தேர்தலில் ஒரு வேட்பாளரின் கூட்டத்துக்கு இறங்கியது 600 நாற்காலி, நானே கூட நின்று எண்ணினேன், ஆனால் பில்லில் 200 என்று எழுதித் தரச் சொன்னார்கள், மச்சான் மாட்டேன் என்றதற்கு மூன்று மாதம் வாடகைப் பணத்தை இழுத்தடித்தார்கள். வயிறு எரிகிறது.

ஒரு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று விதியே இருக்கிறது. அடுத்த முறை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு நான் போகப் போகிறேன். நாற்காலி, மைக் செட், டீ, வடை வரை மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போடும், அதையும் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்க்க வேண்டும். நம்மூர்க்காரர்கள் யாராவது கூட வருகிறீர்களா?