கோடியும் கொடியும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் அந்தச் செய்தி வந்தது. ராணுவ இறுதிச்சடங்கில் கொடியைப் பதின்மூன்று முறை மடிப்பார்களாம். முதல் மடிப்பு வாழ்வுக்கு, இரண்டாவது மறுமைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளாம். கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். ஒரு மாமா, 'நம் சிங்கப்பூரின் பெருமை' என்றே எழுதிவிட்டார்.

மாமா, அது அமெரிக்க வழக்கம். அங்கே 13 மடிப்பில் கொடி முக்கோணமாகி, நட்சத்திரம் பதித்த நீலம் மட்டும் வெளியே தெரியும். மடிப்புக்கு ஒரு பொருள் என்று அந்த நாட்டுக் கொடிச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. யாரோ எழுதி வாசித்தார்கள், பரவிவிட்டது. அதில் எனக்குக் கோபமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் எதற்காவது பொருள் தேடத்தான் செய்வார்கள். ஆனால் மடிப்பை எண்ணுகிற அவசரத்தில், அந்தத் துணி ஏன் போர்த்தப்படுகிறது, ஏன் எடுக்கப்படுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஈசூனில் பக்கத்து புளோக் அக்காவின் மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தபோது தவறிப்போனான். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். ராணுவ மரியாதை உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் காலை, புளோக் கீழே கூடாரத்தில் ஒரு சிக்கல். சீருடையில் வந்த பையன்கள் கொடியோடு தயாராக நிற்கிறார்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரவேண்டிய தாய்மாமன் எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்டார். பெட்டியை மூடிக் கொடி போர்த்திவிட்டால் தாய்மாமன் கோடி எங்கே போடுவது?

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கோடி என்றால் புதுத்துணி. இறந்தவர் மேல் உறவுமுறைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து போர்த்துவது. அதன் விலையை யாரும் பார்ப்பதில்லை, யார் போட்டார் என்றுதான் பார்ப்பார்கள். பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்கூட கோடியோடு வந்து நிற்பான். வராவிட்டால் அன்றோடு அந்த உறவு அறுந்தது என்று பொருள். கோடி போடுவது ஓர் உரிமை, அதைவிட ஒரு பொறுப்பு: 'இவன் எங்கள் ஆள், இந்த வீட்டுக்கு நாளைக்கும் நாங்கள் உண்டு.'

சடங்கு செய்ய வந்த பண்டாரம் அனுபவசாலி. சீருடைக்காரர்களில் மூத்தவரிடம் போய், 'பத்து நிமிஷம் குடுங்க சார், மாமன் வந்துட்டு இருக்காரு' என்றார். அவர் சீனர். தமிழ் தெரியாது, ஆனால் மணியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாமன் ஓடிவந்து கோடி போட்டார். பெட்டியை மூடினார்கள். அதன் பிறகுதான் சிவப்பும் வெள்ளையும் மேலே விரிந்தது. உள்ளே கோடி, வெளியே கொடி. ஒரு நெடில்தான் வித்தியாசம் என்று அந்த நேரத்திலும் என் மனசு கணக்குப் போட்டது. எழுதுகிறவன் புத்தி, விடாது.

அன்றிலிருந்து ராணுவச் சாவில் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் அதை நாடு போடும் கோடியாகத்தான் பார்க்கிறேன். போர்க்களத்தில் விழுந்தவனைத் தூக்கி வர, கையில் இருந்த கொடியால் மூடியதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். இன்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. அமெரிக்காவில் நீலப் பகுதி தலைமாட்டில், இடத் தோளுக்கு மேல் வரவேண்டும். இந்தியாவில் காவி தலைமாட்டுப் பக்கம். பிரிட்டனில் கொடிக்கு மேலேயே தொப்பியும் பதக்கங்களும் வைப்பார்கள். இதெல்லாம் சீர்வரிசையில் எது முதலில் என்பது போல. ஆனால் இந்தியக் கொடி விதியில் ஒரு வரி உண்டு, அதில்தான் நான் நின்றுவிட்டேன்: கொடியைக் குழியில் இறக்கக்கூடாது, சிதையில் எரிக்கக்கூடாது. அமெரிக்காவிலும் குழிக்குள் இறக்க விடமாட்டார்கள்.

அதாவது அந்தத் துணி இறந்தவனுக்கானதில்லை. நெருப்பின் வாசல் வரை கூடப் போகும், அங்கிருந்து திரும்பிவிடும். யார் கைக்கு? பெற்றவள் கைக்கு, கட்டியவள் கைக்கு.

மண்டாய் தகனச்சாலையில் அதைப் பார்த்தேன். துப்பாக்கி மூன்று முறை வெடித்தது. (21 குண்டு என்று சொல்லாதீர்கள், அது பீரங்கி மரியாதை, தலைவர்களுக்கு.) லாஸ்ட் போஸ்ட் ஊதினார்கள். சாவுக்கென்று பிறந்த இசையே இல்லை அது. பிரிட்டிஷ் படைமுகாமில் அன்றைய காவல் சோதனை முடிந்தது என்று இரவில் ஊதியது. பிறகு பையன்கள் கொடியைப் பெட்டியிலிருந்து தூக்கி இழுத்துப் பிடித்து மடித்தார்கள். மடிப்பை நான் எண்ணவில்லை. அதில் ஒருவனுக்கு அக்கா மகன் வயதுதான் இருக்கும், பெருவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய துணி சுருங்கிச் சுருங்கி, தேக்கா கடையில் அட்டையோடு கொடுப்பார்களே, அந்தப் புடவை அளவுக்கு வந்தது. அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

1967 முதல் இந்த நாடு ஆண்பிள்ளை பெற்ற வீடுகளில் பிள்ளையைக் கேட்டு வாங்குகிறது. அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை, நானும் போய் வந்தவன்தான், என் மகனும் போவான். ஆனால் கேட்டு வாங்கியவர் கோடி போட்டால் அது மரியாதையோடு நின்றுவிடாது. தாய்மாமன் கோடி போட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிட முடியுமா? பதினாறாம் நாள் வரவேண்டும், முதல் தீபாவளிக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கவேண்டும். கொடி போட்ட கைக்கும் அதே கணக்குத்தான் என்பது என் கட்சி. என்ன நடந்தது என்று பெற்றவர்கள் ஐந்தாவது வருடம் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வதும் அந்தக் கணக்கில் சேரும்.

2015இல் முதல் பிரதமர் லீ குவான் யூவின் பெட்டி பீரங்கி வண்டியில் கொட்டும் மழையில் 15.4 கிலோமீட்டர் போனபோது சாலையோரம் நனைந்து நின்றவர்களில் நானும் ஒருவன். 2016இல் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனின் இறுதிச்சடங்கில் ஒரு தமிழ்ப் படப் பாட்டு ஒலித்தபோது வீட்டில் எல்லாரும் அழுதோம். அந்தக் கொடிகளில் வரலாறு இருந்தது. இந்தக் கொடியில் பத்தொன்பது வயது இருந்தது.

கொடியே கிடைக்காமல் போனவர்களும் நம்மவரில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கிராஞ்சி நினைவிடத்தில் உயர்ந்து நிற்கும் அந்தத் தூணைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதன் பின்னால் தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனி நினைவிடம் இருக்கிறது. கிட்டத்தட்ட 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படைவீரர்கள். அவரவர் சமய முறைப்படி எரிக்கப்பட்டதால் கல்லறை இல்லை, பெயர் மட்டும். நம் பாட்டன்மார் நடுகல்லில் பெயரையும் பெருமையையும் எழுதி மயிற்பீலி சூட்டியதாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. கிராஞ்சியில் பீலி சூட்ட யாரும் வருவதாகத் தெரியவில்லை. நான் போன இரண்டு தடவையும் தோட்டக்காரர் மட்டும்தான் இருந்தார்.

அக்காவிடம் வருகிறேன். சாவு வீட்டுத் துணியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. அலமாரியில் தன் கூறைப்புடவைக்கு மேலே வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் கூப்பிட்டு விரித்துக் காட்டினார். வெள்ளைப் பகுதியில், ஓரமாக, மஞ்சளாய் ஒரு விரல் தடம். யாரோ மாலையை எடுக்கும்போது பட்டிருக்க வேண்டும்.

'தம்பி, இதைத் துவைக்கலாமா? சட்டம் ஏதும் இருக்கா?'

கொடி அழுக்காக இருக்கக்கூடாது, பழசானால் கறுப்புப் பையில் கட்டித்தான் போடவேண்டும் என்று படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. 'மெஷின்ல போடாதீங்கக்கா, கையிலேயே லேசா அலசுங்க' என்றேன்.

மூக்கருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டிருந்தார். 'அலசினா சாம்பிராணி வாசம் போயிடுமே' என்றார். அதே மடிப்பில் மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.