கோட்டை வாசலில் ஒரு கல்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே திரியும் மான்களை அப்புறம் படம் எடுக்கலாம். வாசல் நிலைக் கல்லில் கயல் மீனும், பாதி உடைந்த தமிழ் எழுத்தும் தெரியும். முன்னே குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் கல் அது. கோயிலைப் பிரித்துக் கோட்டை கட்டியவர்கள் அந்தக் கல்லையே வாசலில் வைத்தார்கள். வாசிக்கத் தெரிந்திருக்காது, வேறென்ன!

பிரித்தவர் கொன்ஸ்தந்தீனு டி சா. போர்த்துக்கேயப் பிரபு குலத்தவர். 1618இல் இலங்கைக்கு ஆளுநராக வந்தார். இடையில் சிறிது காலம் தவிர 1630இல் சாகும்வரை அவர்தான். 1619இல் படைத்தலைவர் ஒலிவேராவை அனுப்பி யாழ்ப்பாண அரசை முடித்ததும் அவர் காலத்தில்தான். அதன் கடைசி அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். திருகோணமலை, மட்டக்களப்புக் கோட்டைகளும் அவர் வேலை.

இவரை ‘நல்ல மனிதர், கண்ணியமானவர்’ என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில்தான் எரிச்சல். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு ஆளுநராக இருந்த அசெவேதுவின் குரூரத்தோடு ஒப்பிட்டால் யார்தான் நல்லவராகத் தெரியமாட்டார்? சரி, கண்ணியமானவர் என்றே வைத்துக்கொள்வோம். இடிபட்ட கோயிலுக்கு அதனால் என்ன?

அவருடைய முடிவு பரிதாபமானது, மறுக்கவில்லை. 1630 ஆகஸ்டில் கண்டி அரசின் ஊவாப் பகுதிக்குள் படையோடு போய்ப் பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகிறார். வெல்லவாயாப் பக்கம், ரந்தெனிவெலவில், அவர் நம்பிக் கூட வைத்திருந்த முதலியார்கள் (உள்ளூர்ச் சிங்களத் தலைவர்கள்) லஸ்கரின் என்ற உள்ளூர்ச் சிப்பாய்ப் படையோடு கண்டி அரசன் பக்கம் மாறிவிட்டார்கள். மழையில் வெடிமருந்தும் நனைந்துபோயிற்று. அவருடைய தலையை வெட்டி முரசின் மேல் வைத்துக் கண்டி இளவரசனிடம் கொண்டுபோனார்கள் என்று பறங்கியரே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலியார்களைத் துரோகிகள் என்றும் எழுதினார்கள். யாருடைய நாட்டில், யாருக்குத் துரோகம்?

அவருக்கு எழுத ஆள் இருந்தது. மகனே அப்பாவின் கதையை ஒரு புத்தகமாக எழுதினார், 1681இல் அது லிஸ்பனில் அச்சாயிற்று. இன்று நாம் இரக்கப்படுவதில் பாதி அந்த மகனின் கைவேலை என்று நினைக்கிறேன். இங்கேயோ, கோயில் போன பிறகும் சனங்கள் அது இருந்த பாறை விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூவும் தேங்காயும் போட்டுக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் முந்நூறு வருசத்துக்கு மேல். அப்படி நின்றவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.