உருவக வாசிப்பு நேற்று வந்ததல்ல

அண்ணாச்சி, ‘வேதத்தை (பைபிளை) எழுத்துக்கு எழுத்தாக அல்லாமல் உருவகமாக வாசிப்பது 20ஆம் நூற்றாண்டு மேனாட்டுச் சரக்கு, திருநெல்வேலிச் சபைகளில் வேதத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடே இருந்ததில்லை’ என்கிறீர்கள். இரண்டும் தவறு. ஆதியாகமத்தின்படி சூரியன் படைக்கப்பட்டது நான்காம் நாளில். அதற்கு முன் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன என்று 3ஆம் நூற்றாண்டிலேயே கேட்டு, அதை உருவகமாக வாசித்தவர் ஆதிச்சபை இறையியலாளர் ஓரிகன். (உருவக வாசிப்பை ஆதரிக்கும் முற்போக்காளர்களும் அவரை முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாது, வேதம் ஆவியானவரின் ஏவுதல் என்றே அவர் நம்பினார்.) நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்த உள்ளூர்க் கிறிஸ்தவத் தலைவர் சட்டாம்பிள்ளை, பழைய ஏற்பாட்டைக் காட்டி, ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்றார். ஆராதனையில் தூபமும் சேர்த்தார். அந்தச் சண்டையில் வேத எழுத்தை இறுக்கிப் பிடித்தவர் உள்ளூர்க்காரர். அதைத் தளர்த்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான் வெள்ளைக்காரப் பாதிரிமார்.