“எந்தப் படத்துல வருது இது?”

எங்கள் கல்யாணத்தில் மணப்பெண் உள்ளே நடந்து வர ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்கு வரிகள் இல்லாத, மெதுவான ஓர் இசை வேண்டும். நானும் அவளும் கேட்டது இவ்வளவுதான். இதற்காக இரண்டு மாதமாக இரண்டு குடும்பமும் என் தலையை உருட்டுகின்றன.

போன வாரம் பெரியவர்கள் எல்லாரும் இருந்தபோது ‘டு சனார்கண்ட்’ என்ற பியானோ இசையைப் போட்டேன். நோபுவோ உயெமாட்சு அமைத்தது. அறையே அடங்கிவிட்டது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உருக்குதேப்பா! எந்தப் படத்துல வருது இது?” என்றார் மாமா. அங்கேயே ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். “படம் இல்ல மாமா, ஃபைனல் ஃபேண்டஸி 10. 2001-ல வந்த வீடியோ கேம்” என்று உளறிவிட்டேன்.

முடிந்தது கதை. “கேம் மியூசிக்கா? கல்யாணம் என்ன உனக்கு விளையாட்டாப் போச்சா?” அதே மனிதர், அதே காது! இதில் சித்தி வேறு, “எனக்கும் கேக்கும்போதே என்னமோ மாதிரிதான் இருந்தது” என்கிறார். அப்படியென்றால் அந்தக் கண்ணீர் யாருடையது சித்தி?

மாமாவைப் பொறுத்தவரை கேம் என்றால் பீப் பீப். சரி, அந்த பீப் பீப்பையே எடுத்துக்கொள்வோம். 1983-இல் வந்த ஃபாமிகாம் என்ற வீடியோ கேம் கருவியில் மொத்தம் ஐந்தே ஒலித்தடங்கள், அதிலும் ஒன்று வெறும் இரைச்சலுக்கு. அதை வைத்துக்கொண்டுதான் கோஜி கோண்டோ 1985-இல் சூப்பர் மரியோவுக்கு இசையமைத்தார். 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், 2021 ஜூலை 23 அன்று, உலக நாடுகளின் வீரர்கள் அணிவகுத்து வந்ததே டிராகன் குவெஸ்ட் போன்ற கேம்களின் இசைக்குத்தான். அத்தனை நாடுகள் நடந்து வரலாம், என் மணப்பெண் நடந்து வரக்கூடாதாம்!

மாமாவையாவது மன்னிக்கலாம். கேம் ஆடும் நண்பர்களின் தொல்லைதான் தாங்கவில்லை. ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் ஏரித் என்ற பெண்ணுக்கான இசையான ‘ஏரித்ஸ் தீம்’ போடலாமா என்று கேட்டால், “டேய், அவ சாகும்போது வர்ற மியூசிக்டா அது!” என்று அலறுகிறார்கள். 1997-இல் வந்த அந்தக் கேமை ஆடியவர்கள் கல்யாணத்துக்கு வரப்போகிறவர்களில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். சரி, அர்த்தம்தான் பார்ப்போமே. உலகம் முழுக்கத் திருமணங்களில் ஒலிக்கிறதே வாக்னரின் மணப்பெண் இசை, அது ‘லோஹென்கிரின்’ என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், வருவது. அதில் கல்யாணம் செய்துகொள்ளும் தம்பதி ஒரு இரவுகூடச் சேர்ந்து வாழவில்லை. கேட்கக்கூடாத கேள்வியை அவள் கேட்டுவிடுகிறாள், அவன் விட்டுப் போகிறான், அவள் உயிர் போகிறது. 1850-இல் வந்த ஓபரா அது. அந்த இசையைக் கல்யாணத்தில் போடுகிறவர்களுக்கு இது அபசகுனமாகப் படவில்லை. ஏரித் செத்ததுதான் இவர்களுக்கு உறுத்துகிறது.

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். இந்த வேலைக்குக் கேம் இசையைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஆடுபவர் ஓர் இடத்தில் பத்து விநாடி நிற்பாரா, அரை மணி நேரம் சுற்றுவாரா என்று இசையமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் பெரும்பாலும் முடிவு தொடக்கத்தோடு வந்து சேரும்படி, எத்தனை முறை சுற்றினாலும் உறுத்தாமல் அமைக்கிறார்கள். மணப்பெண்ணும் அப்படித்தானே! புடவை தடுக்கும், ஒரு பாட்டி வழிமறித்துக் கன்னத்தைக் கிள்ளுவார், படம் எடுப்பவர் “இன்னொரு தடவை” என்பார். வேறு இசை என்றால் பாதி வழியில் முடிந்துபோய், மீதித் தூரத்தை அவள் செருப்புச் சத்தத்தில் கடக்க வேண்டும். இதை நான் விளக்கினேன். கேட்ட பெரியப்பா, “அப்ப இது எப்பதான் முடியும்?” என்றார். சத்தத்தை மெல்லக் குறைத்தால் முடிந்துவிடும் பெரியப்பா!

கடைசியில் அவளே தீர்த்துவைத்தாள். அதே ‘டு சனார்கண்ட்’தான். நிகழ்ச்சி நிரலில் ‘பியானோ இசை’ என்று மட்டும் போட்டிருக்கிறோம். மாமா கேட்டால் ஏதோ பழைய ஜப்பானியப் படம் என்று சொல்லிவிடுவேன். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மட்டும் அசந்துவிடக் கூடாது. பட்டியல் தானாக நகர்ந்து அடுத்துச் சண்டை இசை கிளம்பிவிட்டால், அது எந்தப் படம் என்று நான் சொல்வது?