வறுத்தால் நீங்காது நிலக்கடலையின் பூஞ்சை நஞ்சு

பூஞ்சை பிடித்த நிலக்கடலையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, நன்றாக வறுத்துவிட்டால் நஞ்சு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

வறுக்கும்போது பூஞ்சை இறப்பது உண்மைதான். ஆனால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் பருப்புக்குள் உண்டாக்கிவிட்ட அஃப்ளாடாக்சின் வேறு. சமையல் வெப்பத்தைப் பெருமளவு தாங்கும் அந்த நஞ்சு வறுப்பதால் ஓரளவு குறையலாமே தவிர, முற்றிலும் அழியாது. தண்ணீரில் எளிதில் கரையாததால் கழுவியும் பயனில்லை.

இதில் பி1 என்னும் வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்று உள்ளவர்கள் இந்த நஞ்சை உட்கொண்டால், கல்லீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து இதே பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு, 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்புகளை அப்புறப்படுத்த வேண்டும். மாட்டுக்கும் போடக்கூடாது, ஏனெனில் நஞ்சு எம்1 என்னும் இன்னொரு வகை அஃப்ளாடாக்சினாக உருமாறிப் பாலில் வந்துவிடும்.