இமை வீக்கத்துக்கு எல்லாம் உடல் சூடு காரணமில்லை

மூன்று மாதமாக இமை சிவந்து வீங்கியிருக்கிறது என்று கேட்டவருக்கு, "உடல் சூடுதான், மெடிக்கலில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடுங்கள்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சொட்டு சிவப்பை இரண்டே நாளில் குறைக்கலாம். ஆனால் மேற்பார்வையில்லாமல் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வலிக்காது என்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது.

நாள்பட்ட சிவப்புக்கு அடிக்கடி காணும் காரணம் இமை விளிம்பு அழற்சி. இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் காலையில் இமை ஒட்டும், இமைமுடி அடியில் செதில் படியும். தலையில் பொடுகு இருப்பவர்களுக்கு இது அதிகம். வெந்நீரில் நனைத்த துணியை, பொறுக்கும் சூட்டில், ஐந்து பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்து விளிம்பைச் சுத்தம் செய்யலாம். ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

அரிப்பும் தோல் உரிதலும் இருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். மை, தலைச்சாயம், ஏன், நகப்பூச்சுகூடக் காரணமாகலாம். விரல் அடிக்கடி கண்ணைத் தொடுகிறதே, இமைத்தோலோ மிக மெல்லியது.

ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ இமைமுடி உதிர்ந்தாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கும். காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.